தணலில் வேகும் அப்பிள் கேக்

போறணை இல்லாத வீட்டிலே கேக் வேகவைக்க இயலுமா என்னும் வினா நம் இல்லங்களில் அடிக்கடி எழுவதொன்று. இயலும் என்பதே விடை. ஆயினும், எவ்வாறு இயலும், எங்கே பிழைபடும், அப்பிழைக்குக் காரணம் யாது என்பனவற்றை விளக்காவிட்டால் அவ்விடையால் எவருக்கும் பயனில்லை. அதிலும் செய்யப்படுவது அப்பிள் கேக் என்றால் பொறுப்புக் கூடுகிறது. வாழைப்பழக் கேக் கருகிப்போனால் கொல்லையிலுள்ள குலையில் இன்னும் நான்கு பழங்களைப் பறித்துக்கொள்ளலாம். அப்பிளோ காசு கொடுத்து எண்ணி வாங்கும் பழம்.

வட்டக்கச்சியில் ஒரு வீட்டை மனத்திற் கொள்வோம். கிளிநொச்சி நகருக்குக் கிழக்குப் புறமாக, இரணைமடுக் குளத்து வாய்க்கால் நீரை நம்பி நெல் விளைவிக்கும் ஊர் அது. வீட்டிலே பிள்ளைக்குப் பிறந்தநாள். தாய் சந்தையிலிருந்து மூன்று அப்பிள்களும் கடையிலிருந்து கோதுமை மாவும் மாஜரினும் வாங்கி வந்திருக்கிறாள். முட்டை வளவுக் கோழியினுடையது. தேசிக்காய் வேலியோரத்து மரத்தினது. சிரட்டையோ மூலையிற் குவிந்து கிடக்கிறது. அம்மம்மா திண்ணையில் இருக்கிறார். 1990களில் வன்னிப் பெருநிலப்பரப்பில் மின்சாரம் இல்லாதிருந்த காலத்தில் திருமண வீட்டுக்கும் பிறந்தநாளுக்கும் சட்டியிலே கேக் வேகவைத்துப் பழகிய தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். மகளோ படத்தில் பார்த்த மின்போறணையை எண்ணி ஏங்குகிறாள். இவ்விருவருக்கும் இடையிலே கிடப்பதுதான் இன்றைய பொருள்.

அப்பிள் கேக்கின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் இங்கே தகும். அப்பிளின் தாயகம் மத்திய ஆசியாவின் தியான்சான் மலைச்சாரல் என்பது தாவரவியலார் முடிபு. கசகசுத்தான் நாட்டின் அல்மாட்டி நகரப் பெயரிலும் அப்பிளைக் குறிக்கும் சொல் உண்டு. அங்கிருந்து மேற்கே பரவிய அப்பிள் ஐரோப்பியக் குடியானவர் தோட்டங்களிலெல்லாம் நிறைந்தது. இலையுதிர் காலத்தில் காற்றடித்தால் பழங்கள் கூடை கூடையாக நிலத்தில் உதிரும். அடிபட்ட பழம் விலைபோகாது, வைத்திருக்கவும் இயலாது. அதனை வீணாக்க மனமில்லாத இல்லத்தரசியர் மாவோடு கலந்து வேகவைத்ததே அப்பிள் கேக். இங்கிலாந்தின் டோர்செற் பகுதியிலும் செருமனியிலும் அது இன்றும் வீட்டுப் பண்டமாகவே மதிக்கப்படுகிறது. அஃதாவது, அது பணக்காரர் பண்டமன்று. மிஞ்சியதைக் காப்பாற்றிய சிக்கனக்காரரின் பண்டம்.

வட்டக்கச்சியில் நிலைமை தலைகீழானது. அப்பிள் மரம் பூத்துக் காய்ப்பதற்கு ஆண்டுதோறும் சில வாரக் கடுங்குளிர் வேண்டும். வன்னி வெயிலில் அது நடவாது. ஆகவே சீனா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா முதலிய நாடுகளிலிருந்து கப்பலேறி வரும் பழமே சந்தைக்கு வருகிறது. கோதுமையும் அவ்வாறே, திருகோணமலை ஆலையில் அரைபட்டாலும் கடல் கடந்து வருவதுதான். டோர்செற்றுக் குடியானவளுக்குப் பழம் இலவசம். வட்டக்கச்சித் தாய்க்கு இலவசமாக வாய்த்திருப்பது நெருப்பு ஒன்றே. விலை கொடுத்து வாங்கிய பழமும் மாவும் வீணாகாமற் காப்பதும் அந்த நெருப்பைக் கையாளும் அறிவுதான். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் சமையல் எரிவாயு கிடையாமற் போனபோது, எரிவாயுப் போறணை வைத்திருந்தோர் பலர் கைகட்டி நிற்க, விறகடுப்பைக் கைவிடாத வீடுகளில் அடுக்களை அடங்காமல் நடந்தது. அந்நிகழ்வு நம் நினைவிலிருந்து இன்னும் மறையவில்லை.

இனிச் செய்முறைக்கு வருவோம். எட்டு அங்குல வட்டத் தகரம் ஒன்றுக்குக் கோதுமை மா 250 கிராம், மாஜரின் அல்லது வெண்ணெய் 150 கிராம், சீனி 175 கிராம், முட்டை மூன்று, நடுத்தர அளவான அப்பிள் மூன்று, பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, கறுவாத்தூள் ஒரு தேக்கரண்டி, தேசிப்புளி ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை ஆகியன போதும். ஊர்க்கோழி முட்டை பண்ணை முட்டையினும் சிறிதாகலின் அதனாற் செய்வோர் நான்கு எடுத்தல் வேண்டும். தராசு இல்லாத வீட்டில், 240 மில்லிலீற்றர் கொள்ளும் கோப்பையொன்றால் மா இரண்டு கோப்பை, சீனி முக்கால் கோப்பைக்குச் சற்று மேல் என அளந்துகொள்ளலாம். கோப்பையின் அளவு சிறிது கூடினாலும் குறைந்தாலும் பெருங்கேடில்லை. தொடங்கிய கோப்பையை இடையில் மாற்றாதிருத்தலே வேண்டற்பாலது. மாவில் ஐந்தில் ஒரு பங்கை வறுக்காத அரிசிமாவாக மாற்றினாலும் கேக் கெடாது; சற்று நொறுங்கும் தன்மை பெறும். நெல் விளையும் ஊரில் இச்சிக்கனம் கருதத்தக்கது.

அப்பிளைத் தெரிவதிலும் ஒரு நுட்பமுண்டு. கண்ணுக்கு அழகான கருஞ்சிவப்புப் பழம் பச்சையாக உண்ண இனிக்கும். வெந்தால் மாவாகிச் சுவை மங்கிவிடும். வேகவைப்பதற்குத் தசை இறுக்கமும் புளிப்பும் உள்ள பழமே சிறந்தது. கிரானி சிமித் எனப்படும் பச்சை அப்பிள் அத்தகையது. 1868ஆம் ஆண்டளவில் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகருக்கு அண்மையில் மரியா ஆன் சிமித் என்னும் மூதாட்டியின் தோட்டத்தில் தானே முளைத்த கன்றிலிருந்து தோன்றிய இனம் அது. அவர் பெயராலேயே வழங்குகிறது. பச்சை அப்பிள் கிடையாவிட்டால் கிடைத்த சிவப்பு அப்பிளோடு தேசிப்புளியைச் சிறிது கூட்டிக்கொள்ளலாம். இறுக்கமான பழத்துக்காக இரண்டு கடை ஏறி இறங்குவதில் தவறில்லை.

அப்பிளை வெட்டிய சிறிது நேரத்தில் அது பழுப்பு நிறமடைகிறது. பழத்தசையிலுள்ள நொதியொன்று காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து செய்யும் வேலை அது. புளிப்பு அந்நொதியை அடக்கும். ஆகையாற்றான் வெட்டியவுடன் தேசிப்புளி பிசறவேண்டும் என்கின்றனர். துண்டங்கள் கால் அங்குலத்துக்கு மேற்படலாகாது. பெரிய துண்டு கனத்தால் அடியிற் போய்த் தங்கும். தங்கிய இடத்தில் மா வேகாமற் களியாகும். துண்டங்களை ஒரு மேசைக்கரண்டி மாவிற் புரட்டிப் பின் கலந்தால் அவை வழுக்கி இறங்காமல் நிற்கும்.

அப்பிள் கேக்கில் நேரும் பிழைகளுட் பெரும்பாலன பழத்தின் நீரால் வருவன. அப்பிளின் நிறையில் நூற்றுக்கு ஏறக்குறைய 85 பங்கு நீர். தோலும் நடுவும் நீக்கிய 300 கிராம் பழத்தில் ஒரு தேநீர்க் கோப்பையளவு நீர் மறைந்திருக்கிறது. வெண்ணெய்க் கேக் செய்து பழகியவர்கள் வழக்கம்போலப் பாலும் ஊற்றி விடுகின்றனர். வேகும்போது பழம் தன் நீரைக் கக்க, நடுப்பகுதி எவ்வளவு நேரம் வைத்தாலும் ஈரமாகவே இருக்கும். எனவே பால் சேர்க்க வேண்டியதில்லை. கலவை கரண்டியிலிருந்து தானே வழியாமல், தட்டினால் விழும் இறுக்கத்தில் இருப்பதே சரி. இது கண்டு அஞ்சி நீரோ பாலோ சேர்ப்பதுதான் முதற் பிழை.

இரண்டாம் பிழை வெப்பத்தினால் நேர்வது. அடுப்பு வெப்பத்தைச் சொல்லவில்லை. வன்னியின் வெயிலைச் சொல்கிறோம். மாஜரினையும் சீனியையும் சேர்த்து வெண்மையாகும்வரை அடிக்க வேண்டும் என்று எல்லாச் சமையற் புத்தகங்களும் கூறும். அதன் காரணம் யாதெனின், சீனியின் கூர்மணிகள் கொழுப்பைக் கீறிச் செல்லும்போது நுண்ணிய காற்றுக் குமிழிகள் அதனுள் சிறைப்படுகின்றன. கேக்கைத் தூக்கி நிறுத்துவன அக்குமிழிகளே. கொழுப்பு இளகியும் இளகாமலும் இருக்கும் நிலையிலேதான் காற்றைப் பிடிக்கும். நண்பகலில் 30 பாகை செல்சியசைத் தாண்டும் ஊரில் அது உருகி எண்ணெயாகிவிடும். எண்ணெய்க்குள் காற்று நில்லாது. மேலைநாட்டுப் புத்தகம் குளிர்நாட்டு அடுக்களையை எண்ணி எழுதப்பட்டதாகலின் இதனைச் சொல்லாது. ஆகவே இவ்வேலையை விடியற்காலையிற் செய்தல் நன்று. இயலாவிடின், கலக்கும் பாத்திரத்தை மண்பானைத் தண்ணீர் நிறைத்த அகன்ற சட்டியில் இறக்கி வைத்துக்கொண்டு அடித்தால் போதும். கையால் அடிப்போர்க்குப் பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். தோள் வலிக்கத்தான் செய்யும். வீட்டிலே இளந்தாரிப் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் கொடுப்பதே முறை.

பின்னர் முட்டையை ஒவ்வொன்றாக உடைத்துச் சேர்த்து அடிக்கவேண்டும். ஒருசேர ஊற்றினால் கலவை திரிந்துவிடும். மா, பேக்கிங் பவுடர், கறுவா, உப்பு ஆகியவற்றை இருமுறை அரிதட்டில் அரித்துச் சேர்த்தபின் அகப்பையால் மெல்ல மடித்துக் கலக்க வேண்டுமேயன்றி அடிக்கலாகாது. கோதுமை மாவிலே ஈரம்பட்டுப் பிசையப் பிசைய இழுபடும் பசையொன்று உண்டாகிறது. ரொட்டிக்கு அது வேண்டும். கேக்குக்கு அது பகை.

பேக்கிங் பவுடருக்குப் பதிலாக அப்பச்சோடாவை அள்ளிப் போடும் வழக்கமும் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. அப்பச்சோடா புளிப்போடு சேரும்போது கரியமிலவாயுவை எழுப்பிக் கேக்கை உப்பச் செய்யும். அதனோடு உலர்ந்த புளிப்புப் பொருளையும் மாப்பொருளையும் முன்கூட்டியே கலந்து வைத்திருப்பதுதான் பேக்கிங் பவுடர். 1843ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அல்பிரட் பேர்ட் என்னும் வேதியியலர், நொதியம் ஒவ்வாத தம் மனைவிக்காக ஒருவகைப் பேக்கிங் பவுடரை ஆக்கினார் என்பர். அப்பிளிலும் மலிக்கமிலம் என்னும் புளிப்பு உண்டு. சீலே என்னும் வேதியியலர் 1785இல் அப்பிட் சாற்றிலிருந்தே அதனைப் பிரித்தெடுத்தார். ஆயினும் அது சிறிதளவே. கால் தேக்கரண்டிக்கு மேல் அப்பச்சோடா போட்டால் புளிப்பு அதற்கு ஈடுகொடாது. எஞ்சிய சோடா வெப்பத்தாற் சலவைச்சோடாவாக மாறும். கேக் மஞ்சளித்துச் சவர்க்காரச் சுவை தட்டும். பிறந்தநாள் பிள்ளை ஒரு வாய் தின்றுவிட்டு எழுந்தோடுவது பெரும்பாலும் இதனாற்றான்.

இனி நெருப்பு. அடி தடித்த பெரிய தாச்சியோ அகன்ற மண்சட்டியோ எடுத்து, கழுவி வெயிலில் நன்கு உலர்த்திய மணலை ஓர் அங்குல உயரத்துக்குப் பரப்ப வேண்டும். மணல் நெருப்பின் வேகத்தை வாங்கி மெல்ல மெல்லப் பரவவிடும். ஈரமணலாயின் ஆவி கிளம்பிக் கேக்கின் மேல் நீர் சொட்டும். மணலின்மேல் மூன்று சிறு கற்களை வைத்து அவற்றின்மேல் தகரம் அமரவேண்டும். தகரத்துக்கும் சட்டிக்கும் இடையே சுற்றிலும் இரு விரல் இடைவெளி இருத்தல் அவசியம். மூடி தகரத்தட்டாக இருப்பதே நன்று. மண்மூடி வெப்பத்தைத் தன்னுள் வாங்கிக்கொண்டு காலந்தாழ்த்தியே கீழே விடும்.

சிரட்டையை வேறிடத்தில் எரித்துத் தணலாக்கிக்கொண்ட பின்னரே அடுப்புக்குக் கொண்டுவர வேண்டும். அரைகுறையாக எரியும் சிரட்டையைத் தட்டிலே குவித்தால் புகைமணம் கேக்கில் ஏறும். ஒழுங்கு என்னவெனில், தணலில் ஒரு பங்கு கீழே, இரு பங்கு மேலே. இது புதியவர்களுக்கு வியப்பாயிருக்கும். நெருப்பு என்றால் கீழேதான் என்று பழகியவர்கள் அல்லவா? வெப்பம் மேனோக்கிச் செல்வது. கீழிருந்து வருவதெல்லாம் முதலில் அடிப்பாகத்தையே தாக்கும். மேலுள்ள தணலோ வெப்பத்தைக் கதிராக வீசிக் கேக்கின் முகத்தைச் சிவக்க வைக்கிறது. கீழ்நெருப்பு மிகுந்தால் அடி கருகி, நடு வேகாமல், மேற்புறம் வெளிறிக் கிடக்கும். திண்ணையிலிருந்து அம்மம்மா, “பிள்ளை, கீழ்த்தணலை இழுத்துவிடு, மேலே போடு” என்று குரல் கொடுப்பது இதனாலேயே. காரணத்தைச் சொல்ல அவருக்குத் தெரியாதிருக்கலாம். செய்கை முற்றிலும் சரியானது.

போறணையில் 180 பாகை செல்சியசு என்று முள்ளைத் திருப்பி வைக்கலாம். சட்டிக்கு முள்ளில்லை. ஆனால் பழைய சோதனையொன்று உண்டு. மூடி தணலேற்றிக் கால்மணி நேரம் சூடாக்கிய சட்டிக்குள், சிறு தகரத்துண்டில் ஒரு தேக்கரண்டி மாவைத் தூவி வைத்து ஐந்து நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். மா பொன்னிறமாகியிருந்தால் சூடு பதம். வெள்ளையாகவே இருந்தால் தணல் போதாது. கருகி மணத்தால் தணலை வாரி எடுத்துச் சிறிது பொறுக்க வேண்டும். போறணை என்னும் சொல்லும் பாண் என்னும் சொல்லும் போர்த்துக்கேயர் மொழியிலிருந்து நமக்கு வந்தவை. ஆனால் இம்மாச் சோதனைக்கு எந்த அந்நியச் சொல்லும் வேண்டியதில்லை.

தகரத்தின் உட்புறம் மாஜரின் பூசி, எண்ணெய்த்தாளோ வாட்டிய வாழையிலையோ இட்டு, கலவையை ஊற்றிச் சட்டியில் இறக்கியபின் முதல் 25 நிமிடங்களுக்கு மூடியைத் திறக்கலாகாது. அவ்வேளை குமிழிகள் விரிந்துகொண்டிருக்கின்றன. அவற்றைச் சூழ்ந்த முட்டையும் மாவும் இன்னும் இறுகவில்லை. குளிர்காற்றுப் புகுந்தால் குமிழி சுருங்கி நடு குழிவிழும். பிள்ளைகள் பத்துமுறை கேட்பார்கள், திறக்கலாகாது. அரைமணி கழிந்தபின் மேற்றணல் சாம்பல் பூத்திருந்தால் புதுத்தணல் சிறிது சேர்க்கலாம். 45 முதல் 55 நிமிடங்களில் கேக் வெந்துவிடும்.

வெந்ததை அறிவதற்குத் தென்னை ஈர்க்கைக் குத்திப் பார்ப்பது யாவரும் அறிந்தது. அப்பிள் கேக்கில் அது ஏமாற்றுவதும் உண்டு. ஈர்க்குப் பழத்துண்டில் குத்தினால் ஈரமாக வரும். அது கண்டு வேகவில்லையென்று மேலும் கால்மணி வைத்தால் ஓரம் கட்டையாகிவிடும். ஆகையால் இரண்டு மூன்று இடங்களிற் குத்தவேண்டும். ஈர்க்கிலே ஒட்டியிருப்பது தெளிந்த சாறாயின் பழம். வெண்மையான கூழாயின் வேகாத மா. விரலால் நடுவில் மெல்ல அழுத்தினால் வெந்த கேக் மீண்டும் மேலெழும். ஓரம் தகரத்தைவிட்டுச் சிறிது விலகியிருப்பதும் நல்ல அடையாளம்.

இறக்கியவுடன் வெட்டும் ஆவல் எல்லோருக்கும் உண்டு. பத்து நிமிடம் தகரத்திலேயே ஆறவிட்டுக் கவிழ்த்து, முற்றும் ஆறியபின் வெட்டுவதே முறை. சூட்டில் வெட்டினால் ஆவியெல்லாம் வெளியேறிக் கேக் வறண்டுபோகும். பழமும் கத்தியோடு இழுபட்டு வரும். உண்மையில் அப்பிள் கேக் மறுநாளே சுவையிற் சிறக்கும். பழத்தின் ஈரம் மாவெங்கும் பரவக் காலம் வேண்டும். கறுவாவின் மணமும் அப்போதுதான் நிலைகொள்ளும். முந்தின நாள் மாலையிற் செய்து வைப்போர் புத்திசாலிகள். ஆனால் அதற்குமேல் வைத்திருக்கலாகாது. நத்தார்க் கேக் மாதக்கணக்கில் இருக்கிறதே என்று எண்ணற்க. அதிலே உலர்பழமும் சீனியும் மிகுதி, நீர் குறைவு. அப்பிள் கேக்கில் நீர் மிகுதியாகலின், நம் வெப்பத்தில் மூன்றாம் நாள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். எறும்புக்கோ மூன்றாம் நாள்வரை பொறுமையில்லை. தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே கிண்ணமொன்றைக் கவிழ்த்து அதன்மேல் கேக்கை வைத்து மூடுவதே காப்பு.

அப்பிள் விலையேறிய காலத்தில் வேறு பழம் உதவுமா என்பதும் கேட்கத்தக்கதே. விளாம்பழத்தையும் மரமுந்திரிகைப் பழத்தையும் ஆங்கிலத்தில் ஒருவகை அப்பிள் என்று வழங்குவதைக் கண்டு மயங்கலாகாது. அப்பிள் ரோசாக் குடும்பத்தது. விளா தேசிக்காயின் குடும்பத்தது. விளாம்பழத்தைத் துண்டமாக்க இயலாது, அது கூழாகிவிடும். மரமுந்திரிகைப் பழம் நாவை இழுக்கும் துவர்ப்புடையது. ஜம்புப் பழம் அப்பிளைப்போல் மொறுமொறுப்பாயினும் வெறும் நீர். உண்மையில் அப்பிளின் இடத்தை நிரப்பவல்லது நம் வளவிலே காய்க்கும் கொய்யாதான். முற்றிப் பழுக்காத, செங்காயான கொய்யாவை விதை நீக்கிச் சிறு துண்டங்களாக்கித் தேசிப்புளி பிசறிச் சேர்த்தால் பழத்தின் இறுக்கமும் மணமும் கேக்கில் நிற்கும். நீரும் அப்பிளினளவுக்கு நெருங்கியதேயாதலின் மேற்சொன்ன அளவுகளை மாற்ற வேண்டியதில்லை. கொய்யாவுக்கு இயல்பான இனிப்புச் சற்றுக் குறைவாகத் தோன்றினால் சீனியை இரு மேசைக்கரண்டி கூட்டலாம். தாய் முதன்முறை சட்டியில் வேகவைத்துப் பழகுவதற்கு வளவுக் கொய்யாவையே எடுத்துக்கொள்வது இன்னும் நன்று. தணலின் குணம் கைக்குப் பிடிபட்ட பின், விலை கொடுத்த மூன்று அப்பிளை அச்சமின்றி அரியலாம்.

அரிந்து மிஞ்சிய தோலை எறிய வேண்டியதில்லை. ஒரு துண்டு கறுவாவோடு நீரில் கொதிக்கவைத்து வடித்துச் சிறிது சீனி சேர்த்தால், கேக் வேகும் நேரத்தில் பிள்ளைகளை அடுப்படியிலிருந்து விலக்கி வைக்க நல்லதொரு பானம். நடுத்தண்டைக் கோழிக்கோ ஆட்டுக்கோ போடலாம். விதைகளை மட்டும் எடுத்துப் புறத்தே எறிந்துவிட வேண்டும்.